பீரோவுக்குப் பின்னாடி இருந்த சுவர்

போன ஞாயித்துக்கிழமை தம்பிக்கு வீடு பார்க்கப் போனோம். கோயம்புத்தூர்ல வடவள்ளி பக்கம், மூணே முக்கால் சென்ட்ல தனி வீடு. கேட்டைத் திறக்கும்போதே பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைச்சுது. ஹால் பளபளன்னு இருந்துச்சு. தம்பி மனைவிக்கு சமையக்கட்டு பாத்ததும் புடிச்சுப்போச்சு. எல்லாரும் தலையாட்டிக்கிட்டே பின்பக்க பெட்ரூமுக்கு வந்தோம்.

அங்க ஒரு பீரோ. கட்டில் இல்லை, மெத்தை இல்லை. காலி ரூம்ல, மேற்கு மூலையில, ஒரே ஒரு பீரோ.

"அண்ணா, இதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன்.

வீட்டுக்காரர் முகம் மாறிடுச்சு. "சாமான் உள்ள இருக்கும்மா, வெயிட்டு ஜாஸ்தி"ன்னார். தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு ஒரு அடி இழுத்தோம். வெறும் பீரோ. சர்ருன்னு வந்துச்சு.

பின்னாடி சுவர்ல தரையில இருந்து இடுப்பு உயரம் வரைக்கும் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்னுச்சு. விரலால லேசா அழுத்தினேன். பட்டுன்னு உடைஞ்சு, உள்ள இருந்து வெள்ளையா உப்புத்தூள் கொட்டுச்சு.

ஓதம் இருக்கிற வீடு விக்கக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்லை. பழைய வீடுன்னா ஓதம் இருக்கும்தான். "இந்த மூலையில ஓதம் இருக்குங்க, இவ்வளவு செலவாகும், விலையில பார்த்துக்கலாம்"னு அவர் சொல்லியிருந்தா தம்பி அந்த வீட்டை வாங்கியிருப்பான். நிஜமாவே வாங்கியிருப்பான், அவ்வளவு புடிச்சிருந்துச்சு. ஆனா பீரோவைப் பார்த்த பிறகு அவன் கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, பீரோ வெக்க முடியாத இடத்துல இன்னும் என்னென்ன இருக்குமோ?"

அவ்வளவுதான். திரும்பி வந்துட்டோம்.

அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு திருச்சி வீட்டு ஞாபகம். அந்தக் கதையை எழுதணும்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டே இருக்கேன். இப்போ எழுதிடறேன்.

அப்பா 1993-ல கட்டின வீடு. திருச்சி கே.கே.நகர்ல. கீழ ரெண்டு பெட்ரூம், மாடியில பின்னாடி சேர்த்த ஒரு ரூம். அப்பா போன பிறகு அம்மா நாலு வருஷம் அங்கேயே தனியா இருந்தாங்க. முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமப் போனதும், கோயம்புத்தூர் வரேன்னு அவங்களே சொன்னாங்க. வீட்டை வித்துடலாம்னு முடிவு பண்ணினோம்.

புரோக்கர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன், முப்பது வருஷமா அந்த ஏரியாவுல இருக்கிறவர். வீட்டை ஒரு சுத்து சுத்திட்டு, ஹால் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். அங்க ஒரு பழுப்புக் கறை, சோத்துத் தட்டு அகலத்துக்கு.

"நாப்பதாயிரத்துல பெயிண்ட் அடிச்சுடுங்கம்மா. ஆடி முடிஞ்சதும் ஆள் கூட்டிட்டு வரேன். மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

மழைக்கு முன்னாடி. அந்த வார்த்தை எனக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. மழை வந்தா கறை திரும்பி வரும்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கறவங்களுக்கு மட்டும் தெரியாது.

அந்த வாரம்தான் கிளாஸ்கோவுல இருக்கிற சித்தி பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அவளும் அப்போ ஃப்ளாட்டை வித்துக்கிட்டு இருந்தா. "ரிப்போர்ட் வந்துடுச்சு, ஜன்னலுக்கு மட்டும் ரெண்டு போட்டிருக்காங்க"ன்னா. என்ன ரிப்போர்ட்னு கேட்டேன். ஸ்காட்லாந்துல 2008 டிசம்பர்ல இருந்து வீடு விக்கிறவங்கதான் முதல்ல ஒரு சர்வேயரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, வீட்டைச் சோதிச்சு ரிப்போர்ட் வாங்கணுமாம். ஹோம் ரிப்போர்ட்னு பேரு. கூரை, சுவர், ஓதம், தண்ணிக் குழாய், கரண்ட்னு ஒவ்வொண்ணுக்கும் 1, 2, 3-னு நம்பர். ஒண்ணுன்னா இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். ரெண்டுன்னா பின்னாடி பார்க்கணும். மூணுன்னா உடனே பார்க்கணும். வீட்டை முதல் தடவை விளம்பரம் பண்ணும்போது அந்த ரிப்போர்ட் 12 வாரத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது. வாங்க வர்றவங்க கேட்டா கொடுத்தாகணும்.

பக்கத்துல இருக்கிற இங்கிலாந்துல இப்படிக் கிடையாது, வாங்கறவங்கதான் ஆள் வெச்சுப் பார்த்துக்கணும்னு அவளே சொன்னா.

விக்கிறவங்களே தன் வீட்டுக் குறையை எழுதிக் கையில கொடுக்கிறது! எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு.

நம்ம ஊர்ல இதுக்குன்னு தனி ஆள் கிடையாது. பெரிய நகரங்கள்ல சில கம்பெனிங்க பண்றாங்க. திருச்சியில நான் கேட்டவரைக்கும் எல்லாரும் "வாங்கறவங்க பேங்க்ல இருந்து வேல்யூயர் வருவாரே, அது போதுமே"ன்னாங்க. வேல்யூயர் வர்றது பேங்குக்காக. கொடுக்கிற கடனுக்கு வீடு தாங்குமா, பிளான்படி கட்டியிருக்கான்னு பார்ப்பார். ஹால் சீலிங்ல ஏன் கறைன்னு அவர் ஏணி போட்டு ஏறிப் பார்க்க மாட்டார்.

முதல்ல ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். மாடியில ரெண்டு நிமிஷம் நின்னார். "தட்டோடு, சுருக்கி எல்லாத்தையும் உடைச்சு எடுத்துட்டு புதுசாப் போடணும். மூணு லட்சம்."

அடுத்து வாட்டர் ப்ரூஃபிங் பண்றவர் ஒருத்தர் வந்தார். "எதையும் உடைக்க வேண்டாம், மேல கெமிக்கல் ரெண்டு கோட் அடிச்சா போதும். நாப்பத்தஞ்சாயிரம்."

ஒரே கறை. ரெண்டு வைத்தியம். தண்ணி எங்க இருந்து வருதுன்னு ரெண்டு பேருமே தேடல. ரிப்பேர் பண்ணப் போற ஆளையே சோதிக்கக் கூப்பிட்டா, அவர் கையில என்ன வேலை இருக்கோ அதுதான் உங்க வீட்டு வியாதியா இருக்கும். ரெண்டு பேரையும் பார்த்த பிறகு எனக்கு இதுல சந்தேகமே இல்லை.

மூணாவதா கிடைச்சவர்தான் இஞ்சினியர் சார். பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபது வயசு நெருங்குது. தோழியோட மாமனாருக்குத் தெரிஞ்சவர். "நான் ரிப்பேர் எடுத்துப் பண்றதில்லைம்மா. பார்த்து எழுதித் தரேன், அவ்வளவுதான்"னு போன்லயே சொல்லிட்டார். ஃபீஸ் 7,500 ரூபாய். அதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்.

ஆடி மாசம் ரெண்டாவது வாரம், காலையில ஏழு மணிக்கு வந்தார். தோள்ல ஒரு ஜோல்னா பை. உள்ள டார்ச், ரசமட்டம், தூக்குக்குண்டு, டெஸ்டர், சின்ன சுத்தியல், பென்சில். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மாடியைப் பார்த்துடணும்னார்.

(அம்மாவுக்கு அவர் வந்ததே புடிக்கல. "உங்கப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின வீட்டுல நொட்டை சொல்ல ஒரு ஆளைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கே"ன்னு காபி ஆத்தும்போதே முணுமுணுத்தாங்க. ஆனா அவருக்குக் காபி கொடுக்கும்போது கூட ரெண்டு பிஸ்கட்டும் வெச்சாங்க.)

மாடியில முதல்ல அவர் பார்த்தது தரையை இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரமா நடந்து, மழைத்தண்ணி இறங்குற குழாய் வாய்கிட்ட போய்க் குந்தி உக்காந்தார். அங்க ஒரு அரசங்கன்னு. விரக்கடை உயரம், நாலே இலை. நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அம்மா ஒவ்வொரு தடவையும் கிள்ளி எறிவாங்க, அது திரும்ப வரும்.

"மேல நாலு இலை. உள்ள வேர் எவ்வளவு நீளம் போயிருக்குன்னு யாருக்குத் தெரியும்?" சுத்தியலோட பின்பக்கத்தால ஓரத்துல இருந்த சிமெண்ட்டைத் தட்டினார். கேக் துண்டு மாதிரி பேந்து வந்துச்சு. உள்ள கறுப்பா ஈரம், நடுவுல நூல் நூலா வேர்.

கீழ ஹால் கறைக்கு நேர் மேல இருந்தது அந்தக் குழாய் வாய் இல்லை, ஆறடி தள்ளி இருந்துச்சு. "தண்ணி புகுற இடம் ஒண்ணு, சொட்டுற இடம் ஒண்ணும்மா. சுருக்கிக்குள்ள புகுந்த தண்ணி வாட்டம் இருக்கிற பக்கம்தான் ஓடும்"னார். மூணு லட்ச ரூபாய்க் காண்ட்ராக்டர் கறைக்கு நேர் மேலதான் நின்னுட்டுப் போனார்.

சுருக்கி நல்லா இருக்குன்னு சொன்னார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்குல அடிச்சுப் போட்டதுன்னு அம்மா கீழ இருந்தே குரல் கொடுத்தாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணி தெளிச்சாங்களாம். அதை உடைச்சு எடுக்கச் சொன்ன ஆளை நினைச்சு எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஆனாலும் உறுதி பண்ணணும். ஆடியில மழை ஏது? மாடியில தண்ணி கட்டிப் பார்க்கச் சொன்னார். முதல் தடவை நானும் தம்பியும் பழைய துணியைச் சுருட்டி ஓட்டையில அடைச்சோம். ராத்திரியோட ராத்திரியா அத்தனை தண்ணியும் போயிடுச்சு. ரெண்டாவது தடவை பிளாஸ்டிக் கவர்ல களிமண்ணைப் போட்டு அமுக்கி, சுத்தி சிமெண்ட் பூசி, ரெண்டு அங்குலம் தண்ணி நின்னுச்சு. மறுநாள் சாயங்காலம் ஹால் கறை ஓரம் கறுத்துச்சு. வேற எந்த ரூம்லயும் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

வியாதி ஒரே இடத்துலதான். அந்த சந்தோஷத்துல நானும் தம்பியும் தரையில உக்காந்து சீலிங்கையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அடுத்தது சீலிங். ஒரு நீளக் கம்பு எடுத்து ரூம் ரூமாத் தட்டிக்கிட்டே போனார். டொக், டொக், டொக். கெட்டிச் சத்தம். பின்பக்க பாத்ரூம் முன்னாடி வந்ததும் சத்தம் மாறுச்சு. டொப். பழுக்காத தர்பூசணியையும் பழுத்ததையும் தட்டிப் பார்ப்போமே, அந்த வித்தியாசம். எனக்கே தெளிவாக் கேட்டுச்சு. அந்த இடத்தைத் தட்டினதும் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு விழுந்துச்சு. உள்ள கம்பி சிவந்து, தோல் உரிஞ்சு நின்னுச்சு.

ஸ்லாப்ல கம்பிக்கு அடியில குறைஞ்சது 15 மி.மீ. கான்கிரீட் இருக்கணும்னு அந்தக் காலத்துக் கணக்கு, இப்போ 20. இங்க கவர் கட்டை வெக்காம கம்பியை சென்ட்ரிங் மேலயே படுக்க வெச்சுட்டாங்கன்னு சொன்னார். காத்தும் ஈரமும் சுலபமாப் போய்த் துருப் புடிச்சுடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கல்லதான் கான்கிரீட் வெடிச்சு விழுது.

"தளம் போட்ட அன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னு அம்மாகிட்ட கேட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மழை வந்துடுச்சுங்க. முன்பக்கம் முடிச்சு பின்பக்கம் வரும்போது இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவரு தார்ப்பாய் வாங்க சைக்கிள்ல ஓடினாரு. வர்றதுக்குள்ள மேஸ்திரி அவசர அவசரமாக் கொட்டி முடிச்சுட்டாரு"ன்னாங்க. முப்பது வருஷம் முன்னாடி நடந்ததை நேத்து மாதிரி சொன்னாங்க.

"அப்போ இது வீட்டுக்காரர் மேல தப்பு இல்லைம்மா"ன்னார் சார். அதுக்கப்புறம் அம்மா அவர் கூடவே ரூம் ரூமா நடந்தாங்க.

ஹால் ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு விரிசல். எனக்கு அதைப் பார்த்தா எப்பவும் பயம். அஸ்திவாரம் இறங்குதோன்னு. சார் பர்ஸ்ல இருந்து ஏ.டி.எம். கார்டை எடுத்து விரிசல்ல செருகப் பார்த்தார், போகல. கார்டு முக்கால் மி.மீ. தடிமன், விரிசல் அதை விடச் சின்னது. பென்சிலால விரிசலோட ரெண்டு நுனியிலயும் சின்னதாக் கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதினார். "மழைக்காலம் முடிஞ்சு பாருங்க. கோட்டைத் தாண்டியிருந்தா உசுரோட இருக்கிற விரிசல். அப்படியே இருந்தா பழைய தழும்பு." தை மாசம் பார்த்தோம். கோட்டோட அப்படியே நின்னுச்சு.

கரண்ட்தான் என்னை உலுக்கிடுச்சு. பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர். ஒவ்வொரு தடவையும் ஃபியூஸ் போகும்போது கம்பியை இன்னும் கொஞ்சம் தடிமனாச் சுத்திச் சுத்தி, இனிமே ஃபியூஸ் போகவே போகாதுங்கிற நிலைமைக்கு வந்திருந்துச்சு. எலக்ட்ரீஷியனை வரவழைச்சு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டச் சொன்னார். மாட்டினதும் ட்ரிப் ஆச்சு. திரும்பப் போட்டா திரும்ப ட்ரிப். எலக்ட்ரீஷியன், "பழைய வயரிங்குக்கு இது சரிப்படாதுக்கா, கழட்டிடலாம்"னார்.

சார் விடல. "அது சும்மா விழல. எங்கயோ கசியுது, அதைக் காட்டுது"ன்னு சொல்லி, ஒவ்வொரு லைனா நிறுத்தச் சொன்னார். கிணத்து மோட்டாரை நிறுத்தினதும் ட்ரிப் ஆகுறது நின்னுடுச்சு. மோட்டார் பாடியில கரண்ட் வந்துக்கிட்டு இருந்திருக்கு. எர்த் வயர் எப்பவோ அரிச்சு அறுந்து போச்சு.

"அப்பப்போ சுர்ருங்கும், நான் செருப்புப் போட்டுக்கிட்டுதான் போடுவேன்"ன்னு அம்மா ரொம்ப சாதாரணமா சொன்னாங்க.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாலு வருஷம். தனியா. ஈரக் கையோட. வீட்டை விக்கணும்னு முடிவு பண்ணலைன்னா அந்தச் சோதனை நடந்தே இருக்காது. இதைப் படிக்கிற உங்கள்ல யாரோட அம்மா அப்பாவாவது பழைய வீட்டுல தனியா இருந்தா, விக்கிறீங்களோ இல்லையோ, கரண்டை மட்டுமாவது ஒரு ஆள் வெச்சுப் பாருங்க. தயவுசெஞ்சு.

மத்ததெல்லாம் சின்னச் சின்னது. தலைவாசல் தேக்கு, ஒண்ணும் ஆகல. ஸ்டோர் ரூம் நிலை தட்டினா வெறும் கூடு, உள்ள கரையான் தின்னு முடிச்சிருக்கு. மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003-ல அரசாங்கம் கட்டாயமாக்கினப்போ போட்டது. மூடியைத் திறந்தா முழுக்க சேறு. மாடி ரூம் பிளான்ல இல்லை, அதையும் எழுதிட்டார்.

கடைசியா அஸ்திவாரத்தைச் சுத்தி ஒரு நடை. "பேஸ்மென்ட் மூணு அடி உயரம் விட்டிருக்கார். ரோட்டை எத்தனை தடவை மேல மேல போட்டு உயர்த்தினாலும் இந்த வீட்டுக்குள்ள தண்ணி வராது. இந்தத் தெருவுல வேற யாரும் இப்படி விடல"ன்னார். அம்மா உள்ள போய் அப்பாவோட கட்டுமானக் கணக்கு நோட்டை எடுத்துட்டு வந்து அவர் கையில கொடுத்தாங்க. கொள்ளிடம் மணல் எத்தனை லோடு, எந்தத் தேதின்னு அப்பா கையெழுத்துல பக்கம் பக்கமா இருந்துச்சு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பொறுமையா எல்லாத்தையும் படிச்சார்.

ரிப்போர்ட் ஏழு பக்கம் வந்துச்சு. நான் கேட்டுக்கிட்டபடி ஸ்காட்லாந்து மாதிரியே ஒண்ணு, ரெண்டு, மூணு போட்டுக் கொடுத்தார். மூணு போட்டது மூணே இடம்: குழாய் வாய், பாத்ரூம் பக்க சீலிங், கரண்ட். அந்த மூணை மட்டும் நாங்க சரி பண்ணினோம். வேரைத் தோண்டி எடுத்து, குழாய் வாயைப் புதுசா வெச்சுப் பூசினோம். சீலிங்ல லூசா இருந்ததெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்ச்சுத் துருவை எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு அடிச்சு, பாலிமர் கலவையால அடைச்சோம். போர்டு மாத்தி, புதுசா எர்த் போட்டோம். மோட்டாருக்கு வைண்டிங். எல்லாம் சேர்த்து 71,000 ரூபாய். சீலிங் ரிப்பேரைப் பூச்சு வேலை நடக்கும்போதே போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன், மூடின பிறகு யாருக்கும் தெரியாதில்லையா?

டைல்ஸ் மாத்தல. கிச்சன் மாத்தல. வாங்கறவங்க அவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கத்தான் போறாங்க, அதுல நாம காசு போடுறது வீண். கரையான் நிலையையும் மாத்தல, ரிப்போர்ட்ல இருக்கட்டும்னு விட்டுட்டோம்.

பேப்பரும் இதோட சேர்த்தி. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தா, அப்பா வீட்டுக் கடனை அடைச்சு முடிச்சு இருபது வருஷம் ஆச்சு, அடமானம் மட்டும் அப்படியே நிக்குது. கடன் தீர்ந்ததுக்கான ரசீதை யாரும் பதிவு பண்ணல. பட்டா அப்பா பேர்ல. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை எங்க பேருக்கு மாத்தி, அந்த ரசீதுக்கு அலைஞ்சு வாங்கறதுக்கே ரெண்டரை மாசம் ஆச்சு. இதை அட்வான்ஸ் வாங்கின பிறகு கண்டுபிடிச்சிருந்தா, ஒப்பந்தத்துல போட்ட கெடு முடிஞ்சு நாங்க பதில் சொல்லிக்கிட்டு நின்னிருப்போம்.

ரிப்போர்ட்டை வாங்க வர்றவங்ககிட்ட காட்டப் போறேன்னதும் புரோக்கர் பதறிட்டார். "உள்ளதைச் சொன்னா வீடு விக்காதும்மா!"

முதல்ல வந்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார், சீலிங் போட்டோவைப் பார்த்தார், போயிட்டார். திரும்ப வரல. புரோக்கர் என்னை ஒரு வாரம் திட்டினார். எனக்கும் மனசு ஆடிச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதான் ஒரு வக்கீல் அக்கா எனக்கு ஒண்ணு சொன்னாங்க. சொத்துரிமை மாற்றுச் சட்டம்னு 1882-ல வந்தது. அதுல 55-வது பிரிவு. விக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச, வாங்கறவங்களுக்குத் தெரியாத, சாதாரணமாப் பார்த்தாக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்துல இருந்தா, அதை விக்கிறவங்க சொல்லியாகணும். சொல்லாம மறைச்சா அது மோசடின்னு அந்தப் பிரிவே சொல்லுது. வடவள்ளி வீட்டுக்காரர் பீரோவால மறைச்சது வெறும் சுவரை மட்டும் இல்லை.

ரெண்டாவதா வந்தவங்க சின்ன வயசு ஜோடி, கைக்குழந்தையோட. ரிப்போர்ட்டை ஒரு காப்பி கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நாலு நாள் கழிச்சு அவங்க பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்தாங்க, ஓவர்சியரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் ஒரு கம்பை எடுத்துக்கிட்டு சீலிங்கைத் தட்டிக்கிட்டே போனார்! பாத்ரூம் பக்கம் வந்து ரொம்ப நேரம் தட்டினார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஜன்னல் மூலையில பென்சில் தேதியைப் பார்த்துச் சிரிச்சார்.

"எழுதினவர் வேலை தெரிஞ்சவர்"னு சொல்லிட்டு, அந்தப் பையன் பக்கம் திரும்பி, "வாங்கிக்கோ"ன்னார்.

விலையில கரையான் நிலைக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் குறைச்சுக் கேட்டாங்க, கொடுத்தோம். அதே தெருவுல அதுக்கு முந்தின வருஷம் வித்த ஒரு வீட்டுல, அட்வான்ஸ் கொடுத்த பிறகு மழை பெஞ்சு ஒழுகி, நாலு லட்சம் குறைச்சுதான் கிரயம் ஆச்சுன்னு புரோக்கரே பின்னாடி சொன்னார்.

தை மாசம் பத்திரம் பதிஞ்சோம். அதுக்கு முன்னாடி ஐப்பசி மழை வந்துச்சு. திருச்சியில ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டினப்போ அம்மா அந்த வீட்டுலதான் இருந்தாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு போன். நான் பதறி எடுத்தேன்.

"சீலிங் காஞ்சே இருக்குடி"ன்னாங்க.

வடவள்ளி வீட்டுக்காரர் இதைப் படிக்கப் போறதில்லை. ஆனா இந்த வருஷம் வீட்டை விக்கலாம்னு நினைக்கிற சில பேராவது படிப்பீங்க. இப்போ ஆனி நடக்குது. அடுத்து ஆடி, உங்க வீட்டைப் பார்க்க யாரும் வரமாட்டாங்க. அந்த ஒரு மாசத்தை இதுக்கு வெச்சுக்கோங்க. ரிப்பேர் வேலை எடுக்காத ஒரு சிவில் இஞ்சினியரைத் தேடிப் புடிங்க, ஒரு நாள் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்க, எழுதி வாங்குங்க. பெயிண்ட்டரை ஆவணியில கூப்பிட்டுக்கலாம்.